கணவாய்

எங்கள் ஊரில் கணவாய் என்றால்
பத்துக் கையும் ஒரு மைப்பையும்.
சந்தையில் கிலோ என்ன விலை என்று கேட்கலாம்.
மலைக்கும் மலைக்கும் நடுவே போகிற வழிக்கும்
அதுதான் பெயர் என்று படித்தது
பரீட்சையோடு போயிற்று.

திரும்ப அதைப் படித்தது ஜப்பானில்,
கணவாய் பிளந்து காயவைக்கும் தொழிற்சாலையில்
கை வெளுத்த முதல் வருஷம்.

ஒரு ஞாயிறு ஹிரானோ கூட்டிப்போனான்.
ஒரே மேசையில் என்னோடு குடல் எடுப்பவன்.
பேருந்து திரும்பிப் போன இடத்தில்
பாதை ஏறத் தொடங்கியது.
குதிரைகளும் உப்பு மூட்டைகளும் போன வழி என்றான்.
பாவிய கற்களில் பாசி.
நான் வழுக்கியபோதெல்லாம்
திரும்பிப் பாராமலே தடியைப் பின்னுக்கு நீட்டினான்.
மரங்களுக்குள் ஒரு பழங்கோயில்,
அதற்கு மேலே இன்னொன்று,
கூரையில் புல் முளைத்து.

திருகோணமலை என்றதும் அவனுக்கு விளங்கவில்லை.
நாற்பத்திரண்டாம் ஆண்டு
உங்கள் விமானங்கள் வந்த துறைமுகம் என்றேன்.
எரிந்த எண்ணெய்க் குதத்தின் இரும்பு
சீனக்குடாவில் உருகினபடி கிடக்கிறது என்றேன்.
கொஞ்சத் தூரம் ஒன்றும் கதைக்காமல் நடந்தோம்.
பிறகு தன் சோற்றுருண்டையைப் பிட்டு
பெரிய பாதியை எனக்குத் தந்தான்.

வழி மறுபக்கம் சரிகிற உச்சியில்
சின்னச் சின்னக் கற்சிலைகள், முழங்கால் உயரம்.
கழுத்தில் சிவப்புத் துணி,
வீணீர் வடியாமல் பிள்ளைக்குக் கட்டுவோமே, அது.
சிலதுக்குப் பின்னல் தொப்பி.
ஒன்றின் முன்னால் மூடி திறந்த பால் போத்தல்.
யாருக்கு என்று கேட்டேன்.
பிறக்க முன்னம் போனவர்களுக்கு, என்றான்,
ஆறு கடக்க அவர்களுக்குத் தெரியாது.

நான் பிளேன் ஏறும்போது
தயாளினிக்கு இரண்டு மாதம்.
ஏழாம் மாதம் போனில் சொன்னாள்,
துணியில் சுற்றித் தந்தார்கள்,
அண்ணா கொண்டுபோனார்.
நான் வேலையில் நின்றேன்.
போனைப் பிடித்த கை முழுக்க மை.
இதை ஹிரானோவுக்குச் சொல்லவில்லை.

இப்போது விடிய ஆறு மணி.
கோட்டை வாசலில் செதுக்கிய மீனை
அவள் அண்ணாந்து பார்க்கிறாள்.
மான் இரண்டு ஒரு பொலித்தீன் பைக்குச் சண்டை.
பல் விளக்கிக்கொண்டு ஓர் ஆமிக்காரன்
எங்களைப் பார்த்தும் பாராமலும்.
ஏறுகிறோம். கடைகள் இன்னும் திறக்கவில்லை.
அவளுக்கு மூச்சு வாங்குகிறது, எனக்கும்.
நீட்டுவதற்கு என்னிடம் தடி இல்லை.

பாறை விளிம்பில் அந்த மரம்.
கிளையெல்லாம் நேர்த்தித் தொட்டில்.
கீழே, இராவணன் வெட்டுக்குள்
கடல் வந்து வந்து இடிக்கிறது.
நாங்கள் கட்டினது மஞ்சள் என்றேன்.
பச்சை என்றாள்.
வெயில் எல்லாவற்றையும்
ஒரே நிறமாக்கி வைத்திருந்தது.

"அந்தத் தொப்பி ஆர் பின்னுறது?"
"தெரியாது."
"மழைக்கு நனையாதோ?"
"நனையும். ஆரோ மாத்துவினம்."

வேரடியில் ஒரு தொட்டில் விழுந்து கிடந்தது.
எங்களுடையதல்ல, புதுசு,
சரிகைக்கரை மினுங்கியது.
எடுத்தாள். எறும்பைத் தட்டினாள்.
எட்டின கிளையில்
இரண்டு முடிச்சுப் போட்டாள், இழுத்துப் பார்த்தாள்,
மூன்றாவதும் போட்டாள்.

இறங்கும்போது கேட்டாள்,
"கணவாய் வாங்குவமே?"
நான் வந்ததிலிருந்து
வீட்டுக்குள் எடுக்காத சாமான்.
"கோயிலுக்கு வந்த நாளிலோ?"
"நாளைக்கு."

சரி, நாளைக்கு.
நானே பிளந்து தருகிறேன்.
மைப்பை உடையாமல் எடுக்க
எனக்குத் தெரியும்.